பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

கேள்வி: சிகாகோவில் இருக்கும் என் தங்கைக்குப் போன மாதம் எட்டு வாரக் கருவைக் கலைக்க வேண்டியதாகிவிட்டது. டூலா ஒருவர் கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்கிறாள். டூலா பிரசவத்துக்குத்தானே வருவார்? இதைக் கேட்க இன்னொரு காரணமும் உண்டு. என் சிநேகிதி அடுத்த வாரம் இதே விஷயமாக இங்கே ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். சரி என்று சொல்லிவிட்டேன், போய் என்ன செய்வதென்று தெரியவில்லை.
– மதுரை வாசகி

பதில்: சரி என்று சொன்னீர்களே, முதலில் அதற்கு நன்றி. கூப்பிட ஆளில்லாமல் தனியாக ஆட்டோ பிடித்துப் போய்த் தனியாகவே திரும்பியவர்களின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

டூலா கிரேக்கச் சொல், பணிவிடை செய்யும் பெண் என்று அர்த்தம். 1970களில் டானா ராஃபேல் என்ற அமெரிக்க மானுடவியலாளர், பிள்ளை பெற்றவளுக்குத் துணை நிற்பவரை இந்தப் பெயரில் எழுத, அதுவே நிலைத்துவிட்டது. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணின் இடுப்பை நீவிவிடும் அத்தை செய்கிற வேலைதான். ஆனால் கலைக்கப் போகிறேன் என்றால் அந்த அத்தை கூட வர மாட்டார், வந்தாலும் வாய் சும்மா இருக்காது. அந்த இடம் காலியாகவே கிடந்தது. பிரசவத்துக்குத் துணை இருக்கிறோமே, அதே பெண் இன்னொரு வருடம் கலைக்க வந்தால் மட்டும் ஏன் தனியாகப் படுக்க வேண்டும் என்ற யோசனையில் 2007ல் நியூயார்க்கில் சில பெண்கள் டூலா ப்ராஜெக்ட் என்று ஆரம்பித்து, அந்தப் பெண்களிடம் காசு வாங்காமல் துணைக்குப் போய் நின்றார்கள்.

அங்கே முதல் மூன்று மாதத்தில் கருவை உறிஞ்சி எடுக்கும்போது, பல கிளினிக்குகளில் கர்ப்பப்பை வாய் மரத்துப்போக மட்டும் ஊசி போடுவார்கள், பெண் விழித்தேதான் இருப்பாள். ஐந்து பத்து நிமிட வேலை. டாக்டர் தன் வேலையைப் பார்க்கிறார், நர்ஸ் கருவிகளைப் பார்க்கிறார், அவள் முகத்தைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? டூலா தலைமாட்டில் நிற்கிறவர். 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமை தந்த பழைய தீர்ப்பை ரத்து செய்து பல மாநிலங்கள் தடை போட்ட பிறகு, சட்டம் இடம் தரும் சிகாகோ மாதிரி ஊர்களுக்குப் பஸ்ஸிலும் விமானத்திலும் வந்து இறங்குகிற பெண்களில் சிலருக்கு அவர்தான் ஒரே துணை.

உங்கள் தங்கை இருக்கும் அதே சிகாகோவில் 214 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் டூலாவைக் கூட வைத்து ஆராய்ச்சி செய்து 2015ல் வெளியிட்டார்கள். வலி குறையவில்லை. இரண்டு தரப்பும் சொன்ன வலி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் டூலா இருந்த பெண்களில் கிட்டத்தட்ட எல்லோரும் இது எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்றார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். வலிக்கு மாத்திரை இருக்கிறது, நீங்கள் பிடிக்கும் கை வேறொன்றுக்கு, அதனால் அவள் அழுதால் உங்களால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

நம் ஆஸ்பத்திரிகளில் கூட வருகிறவருக்கு 'அட்டெண்டர்' என்று பெயர்: பில் கட்டுவது, மருந்து வாங்குவது, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு மாடி ஏறி இறங்குவது. முடிந்தால் அந்த ஓட்டத்துக்கு இன்னொருவரைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் நகராமல் அவள் பக்கத்தில் உட்காருங்கள். தியேட்டருக்குள் பெரும்பாலும் விட மாட்டார்கள், முன்னும் பின்னும்தான் உங்கள் நேரம். ஏன், யார், வீட்டில் தெரியுமா என்று எதையும் கேட்காதீர்கள். 'அடுத்தது நல்லபடியா பிறக்கும்' என்ற ஆறுதலும் வேண்டாம், அவளுக்கு அடுத்தது வேண்டுமா என்பது உங்களுக்குத் தெரியாது. என் அத்தை மகளோடு நான் போனபோது வார்டில் ஒரு நர்ஸ், 'இதெல்லாம் முன்னாடியே யோசிக்கணும்' என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். நான் வாயடைத்து நின்றேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது. 'சிஸ்டர், இவளுக்கு வலி மாத்திரை எப்போ?' என்று நான் குறுக்கே புகுந்திருக்கலாம். நீங்கள் புகுந்துவிடுங்கள். அப்புறம், வெளியே வந்ததும் அத்தை மகள் பசிக்கிறது, பரோட்டா வேண்டும் என்றாள். வாங்கிக் கொடுத்தேன். நிம்மதியாக இருந்தாள். உங்கள் சிநேகிதிக்குத் துக்கமோ நிம்மதியோ, எது வந்தாலும் வரட்டும்.

மாத்திரையில் செய்வதென்றால் டாக்டரிடம் ஸ்கேன் பார்த்து, அவர் எழுதிக்கொடுத்த பிறகுதான். முதல் மாத்திரைக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துப் போடும் இரண்டாவதுதான் சில மணி நேரத்தில் இடுப்பு வலியையும் ரத்தப்போக்கையும் கொண்டுவரும். அன்றைக்கு அவளோடு தங்குங்கள். வெந்நீர்ப் பை, பெரிய பேட், டாக்டர் சொன்ன வலி மாத்திரை எல்லாம் முன்கூட்டியே வீட்டில் இருக்கட்டும். மணிக்கு இரண்டு பேட் முழுக்க நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காய்ச்சல் விடாமல் அடித்தாலும், மாத்திரைக்கு அடங்காத வலி என்றாலும் அப்படியே. ராத்திரியில் யாருக்கு போன் செய்வதென்று டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணவர் கையெழுத்து போட்டால்தான் கலைப்போம் என்கிறார்களே?
– திருப்பூர் வாசகி

பதில்: சட்டத்தில் அப்படி இல்லை. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும். 18க்குக் கீழே என்றாலோ, மனநலம் பாதிக்கப்பட்டவர் என்றாலோ காப்பாளர் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான். 2022 செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றமும் பெண்ணின் சம்மதம்தான் முக்கியம் என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. கரு 20 வாரத்துக்குள் என்றால் ஒரு டாக்டரின் முடிவு போதும். அதற்கு மேல் 24 வரை குறிப்பிட்ட சூழ்நிலைகளில் மட்டும், இரண்டு டாக்டர்கள் சொல்ல வேண்டும். உங்கள் பெயரை ஆஸ்பத்திரிக்காரர்கள் வெளியே சொன்னால் ஒரு வருடம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். அடுத்த முறை கணவர் எங்கே என்று கேட்டால், சம்மதத்துக்கான 'சி' படிவத்தைக் கேட்டு வாங்கி, அதில் கணவர் கையெழுத்துக்கு இடம் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.