ஊகவழி உயிரியல் என்றால் என்ன? வியாழன் கோளில் உயிர் இருந்தால் எப்படி இருக்கும்?

நாம் கண்டிராத உயிர்களை, இயற்பியல் விதிகளை மீறாமல் கற்பனை செய்து பார்ப்பதுதான் ஊகவழி உயிரியல். முதலில் இடம், பிறகுதான் உடல். ஆறு கண், மூன்று கொம்பு என்று ஆரம்பித்தால் அது வெறும் கார்ட்டூன்.

எனக்குப் பிடித்த உதாரணம், 1976-இல் வானியலாளர்கள் கார்ல் சேகனும் எட்வின் சால்பீட்டரும் வியாழனைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை. வியாழனில் கால் ஊன்றத் தரையே கிடையாது. கீழே போகப் போக வெப்பம் ஏறும். ஆகவே ஒரு உயிர் மிதக்க வேண்டும், இல்லையேல் விழுந்து கருகுவதற்குள் இனம் பெருக்கிவிட வேண்டும்.

மிதப்பது எப்படி? திருவிழாவில் விற்கும் கேஸ் பலூன் மேலே போவது, சுற்றியுள்ள காற்று அதைவிடக் கனம் என்பதால். வியாழனின் காற்றோ பெரும்பாலும் ஹைட்ரஜன், மிச்சம் ஹீலியம். அதைவிட லேசான வாயுவுக்கு எங்கே போவது? ஹீலியத்தை வெளியே தள்ளிச் சுத்த ஹைட்ரஜனை வைத்துக்கொள்ளலாம், அல்லது உள்ளிருப்பதைச் சூடாக்கலாம். இப்படிக் கணக்குப் போட்டு, கிலோமீட்டர் அளவுள்ள பலூன் உயிர்கள் வரை போய்விட்டார்கள்!

பலர் நினைப்பதுபோல் இது ‘வியாழனில் உயிர் இருக்கிறது’ என்ற அறிவிப்பு அல்ல. அங்கே இதுவரை எந்த உயிரும் கண்டறியப்படவில்லை.