கல்லூரிக்கு லேப்டாப்: கரையோரத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு லேப்டாப் கேள்விகளும் வரத் தொடங்கிவிடும். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கேட்கிற ஆள் வேறு, படிப்பு வேறு, பட்ஜெட் வேறு. பதில் சொல்லும்போது எனக்குள் ஓடுவது மட்டும் ஒரே கணக்குதான்: பின்னால் மாற்ற முடியாத பாகத்துக்கு இன்றைக்குக் காசைப் போடுங்கள், மாற்ற முடிந்ததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

மகள் இன்ஜினியரிங் சேரப் போகிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸ். நாற்பதாயிரம் வரை புரட்டலாம். ஒரு கடையில் ஐ5 என்கிறார்கள், இன்னொரு கடையில் ரைசன் 5 என்கிறார்கள். எதை எடுப்பது? (மண்டபம்)

ஐ5, ரைசன் 5 என்பதெல்லாம் பிராசசரின் பெயர், மேலே ஒட்டிய ஸ்டிக்கர். அதற்குப் பின்னால் வருகிற எண்ணைக் கேளுங்கள். ஐ5-7200யூ என்றால் இன்டெல்லின் ஏழாம் தலைமுறை, 2016-இல் வந்தது, இரண்டே கோர் (பிராசசருக்குள் வேலை பார்க்கிற மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள்). ஐ3-1215யூ என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது, ஆறு கோர். பெயரில் 3 இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம், இரண்டாவதுதான் வேகம். புது மாடல்களில் இன்டெல் அந்த ‘ஐ’ எழுத்தையே எடுத்துவிட்டது. வெறும் கோர் 3, கோர் 5 என்றுதான் இருக்கும்.

ஏஎம்டிக்காரர்கள் செய்த வேலை இன்னும் நைசு. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ என்று இரண்டு இருக்கின்றன. பார்த்தால் பத்து எண்தான் வித்தியாசம். இந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். 2 என்றால் 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, 3 என்றால் அதற்கடுத்த ஜென் 3. முதலாவதில் நான்கு கோர், இரண்டாவதில் ஆறு. அதோடு 7520யூ வருகிற லேப்டாப்பில் ரேம் (திறந்திருக்கிற வேலைகளைத் தாங்கும் நினைவகம்) போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தே வரும். 8 ஜிபி வாங்கினால் நான்கு வருஷமும் 8 ஜிபிதான்.

ரேமில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். முதல் வருஷம் சி புரோகிராம் எழுத 8 ஜிபி தாராளம். மூன்றாம் வருஷம் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்து, பக்கத்தில் பிரவுசரில் பத்து டேப் வைத்துக்கொண்டு உட்காரும்போதுதான் மூச்சு வாங்கும். 16 ஜிபி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். கிடைக்காவிட்டால் “ரேம் சிலாட் காலியா இருக்கா?” என்று கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் மாடல் எண்ணை வாங்கிக்கொண்டு போய் கம்பெனியின் இணையதளத்தில் பாருங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிப்போய்விட்டது, அதனால் தனியாக வாங்கிப் போடுவது முன்னைப்போல மலிவு இல்லை. ஆனாலும் சிலாட் இருந்தால்தானே போட முடியும்.

ஃபைல்களைச் சேமிக்கிற எஸ்எஸ்டியை எப்போது வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், 256 ஜிபி இருந்தாலும் கவலை வேண்டாம். இஎம்எம்சி என்று எழுதியிருந்தால் மட்டும் தொடாதீர்கள். அது மெதுவானது, போர்டில் ஒட்டியது. திரை முழு எச்டி, ஐபிஎஸ் (சாய்த்துப் பார்த்தாலும் நிறம் மாறாத வகை) என்று பார்த்து எடுங்கள். கடையில் திரையை லேசாகப் பின்னால் சாய்த்துப் பாருங்கள், நிறம் வெளிறிப் போனால் அது மலிவான டிஎன் பேனல்.

கடைசியாக ஒன்று. வாரண்டி வீட்டுக்கு வந்து பார்ப்பதா, நாம் தூக்கிக்கொண்டு போவதா? தூக்கிக்கொண்டு போவது என்றால் நம் பக்கம் பெரும்பாலும் மதுரைதான். வீட்டுக்கு வருவோம் என்று சொன்னாலும், 623-இல் தொடங்கும் உங்கள் பின்கோடைக் கொடுத்து கம்பெனி கஸ்டமர் கேரில் உறுதி செய்துகொண்டு காசு கொடுங்கள்.

என் யோசனை: ஐ3-1215யூ அல்லது கோர் 3 100யூ, 8 ஜிபி ரேம், ஒரு சிலாட் காலி. இன்னும் கொஞ்சம் புரண்டால் 7530யூ, 16 ஜிபி.

தவணையில் வாங்கலாமா? வட்டியே இல்லை என்கிறார்கள். எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் கிடையாது. (பாம்பன்)

வட்டி இல்லாத தவணை என்றால் வட்டியை வேறு இடத்தில் கழித்துக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம். வங்கி வட்டி போடும், அந்தத் தொகையைக் கடையோ கம்பெனியோ முன்கூட்டியே தள்ளுபடியாகத் தரும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில். பிராசஸிங் கட்டணமும் பெரும்பாலும் உண்டு. பல கடைகளில் மொத்தக் காசு கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி, தவணைக்குக் கிடைக்காது. அதனால் “ரொக்கம் கொடுத்தா என்ன விலை?” என்று முதலில் கேளுங்கள், அப்புறம் தவணைப் பேச்சை எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான வட்டி.

உங்கள் விஷயத்தில் பெரிய சங்கடம் தேதிதான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும். ஒரு வருஷத் தவணை போட்டால் அந்த இரண்டு மாதமும் எப்படியும் உள்ளே வந்து விழும். ஒரு தவணை தவறினால் பவுன்ஸ் சார்ஜ், சிபில் மதிப்பெண் அடி. நாளைக்குப் பையனுக்குக் கல்விக்கடன் கேட்கப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். ஆறு மாதத் தவணையாகப் போட்டு, அடுத்த தடைக்காலத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. முதல் செமஸ்டருக்கு லேப்டாப் இல்லாமல் ஒன்றும் கெட்டுவிடாது. கல்லூரி லேப் இருக்கிறது. ஜூனில் கடல் திறந்து நான்கு மாதம் பாடு பார்த்துவிட்டு, ஆயுத பூஜை, தீபாவளி நேரத்துச் சலுகையில் ரொக்கமாகவே வாங்கலாம். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அது ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

வாப்பா துபாயில் இருக்கிறார். அங்கே விலை குறைவு என்கிறார். அங்கிருந்தே கொண்டுவரச் சொல்லலாமா? (கீழக்கரை)

குறைவுதான், காரணமும் இருக்கிறது. அங்கே வாட் 5 சதவீதம், இங்கே லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18. பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம். ஒன்றுதான். மச்சானுக்கும் சேர்த்து இரண்டாகப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லாதீர்கள்.

வாங்கும் முன் வாப்பாவிடம் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள். இந்த மாடலின் வாரண்டி இந்தியாவில் செல்லுமா? ஆப்பிள் மேக்புக்குகளுக்குப் பொதுவாகச் செல்லும். விண்டோஸ் லேப்டாப்புகளில், முக்கியமாக மலிவான மாடல்களில், வாங்கிய நாட்டில் மட்டும் என்பது சகஜம். அப்படியானால் விலையில் மிச்சம் பிடித்தது ஒரு மதர்போர்டு போனால் போச்சு. அடுத்தது கீபோர்டு. ஆங்கிலத்தோடு அரபி எழுத்தும் அச்சாகியிருக்கும். விண்டோஸில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டால் வேலை ஓடும், பார்க்கத்தான் நெருக்கடியாக இருக்கும்.

சார்ஜர் பற்றிப் பயம் வேண்டாம். அடாப்டரில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கும், நம் கரண்டுக்குச் சரி. சுவரில் செருகுகிற தட்டைப் பின் மட்டும்தான் வேறு. அதற்கு கன்வெர்ட்டர் மாட்டி, அது ஆடி ஆடிப் பொறி தட்டும்படி விடாதீர்கள். அடாப்டரிலிருந்து கழற்றக்கூடிய கேபிளாக இருந்தால் நம்மூர் மூன்று பின் கேபிள் ஒன்று வாங்கி மாற்றிவிடுங்கள்.

தொண்டியில் கடலியல் படிக்கிறேன். வரைபடம், புள்ளியியல் வேலை வரும். (தொண்டி)

வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ், புள்ளியியலுக்கு ஆர், இரண்டு மென்பொருளும் இலவசம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். செயற்கைக்கோள் படங்களை ஏற்றும்போது ரேமைத் தின்னும், அதனால் 16 ஜிபி. கிராபிக்ஸ் கார்டுக்குச் செலவழிக்க வேண்டாம்.

வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். உப்புக்காற்றில் லேப்டாப் சீக்கிரம் போய்விடும் என்கிறார்களே? (ராமேஸ்வரம்)

நிஜம்தான். ரிப்பேருக்கு வருகிற லேப்டாப்பைப் பார்த்தே எந்தப் பக்கத்து வீடு என்று ஓரளவு சொல்லிவிடலாம். கீழ் மூடியின் திருகாணித் தலைகள் பழுப்பேறியிருக்கும். சார்ஜ் போடுகிற ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் முனைகளில் பச்சை பூத்திருக்கும். மூடியைத் திறந்தால் விசிறி இறக்கைகளிலும், சூட்டை வெளியேற்றும் தகட்டு இடுக்குகளிலும் தூசியும் மணலும் உப்பு ஈரத்தில் குழைந்து பசையாக அப்பியிருக்கும். ஊதினால் போகாது, பிரஷ் வைத்துச் சுரண்ட வேண்டும். காரணம், உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கரண்ட் ஓடுகிற இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் உலோகம் அரித்துக்கொண்டே போகும். சும்மா கிடக்கிற லேப்டாப்பைவிட, ஜன்னலோரம் ஓடிக்கொண்டிருக்கிற லேப்டாப்புக்கு ஆபத்து அதிகம். விசிறிதான் அந்தக் காற்றை உள்ளே இழுக்கிறது.

அதனால் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கடல் பக்கத்து ஜன்னலருகே, மொட்டை மாடியில் வைத்து வேலை பார்க்காதீர்கள். வேலை முடிந்ததும் அணைத்து, சூடு ஆறிய பிறகு பையில் வைத்து ஜிப்பை மூடுங்கள். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது நல்லதுதான், ஆனால் நாளாக ஆக ஈரம் குடித்து வீணாகிவிடும், மாற்ற வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வாரண்டி இருக்கும்போது வெளி ஆள் திறக்கலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசிறியே இல்லாத லேப்டாப்புகளும் உண்டு. என்100 சிப் போட்ட சில மலிவு மாடல்கள் அப்படி வரும். டைப் அடிப்பது, வகுப்பு பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் கரையோர வீட்டுக்கு அது நல்ல தேர்வு என்பேன். இன்ஜினியரிங் மாணவருக்குப் பத்தாது.

கேமிங் லேப்டாப் வாங்கினால் படிப்புக்கும் ஆகும்தானே? (தேவிபட்டினம்)

ஆகும் தம்பி. எடை இரண்டரைக் கிலோவுக்கு மேல், பேட்டரி மதியம் வரை தாங்கினால் அதிர்ஷ்டம். பஸ்ஸில் நின்றுகொண்டு தினமும் போய்வருகிற ஆளா நீங்கள்? அப்பாவிடம் கேட்கும்போது கேம் என்றே சொல்லிக் கேளுங்கள்.

ஆபீஸ்களில் பயன்படுத்திக் கழித்த பழைய லேப்டாப் 18,000-க்குக் கொடுக்கிறார்கள். நம்பலாமா? (சாயல்குடி)

பார்த்து வாங்கினால் இது நல்ல வழி. இருபதாயிரத்துக்குள் புதிதாகக் கிடைக்கிற செலரான் லேப்டாப்பைவிட, திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 5490 மாதிரியான பழைய ஆபீஸ் மாடல் எனக்குப் பிடிக்கும். உடம்பு கெட்டி, கீபோர்டு அருமை, ரேம் இரண்டு சிலாட், பாகங்களும் சுலபமாகக் கிடைக்கும்.

எட்டாம் தலைமுறைக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஏற்கிறது. ஏழாம் தலைமுறையில் ஏதோ தில்லுமுல்லு செய்து விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறவர்கள் உண்டு. அப்டேட் எப்போது நிற்கும் என்று அவர்களுக்கே தெரியாது.

கடையில் வைத்தே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள், விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது. அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண் வரும். 50,000-க்கு 25,000 காட்டினால் பேட்டரி பாதி உயிர். புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். அப்புறம், கடைக்காரர் முன்னாலேயே விண்டோஸை ரீசெட் செய்து இணையத்தில் இணைக்கச் சொல்லுங்கள். ஏதாவது கம்பெனி பெயரைக் காட்டி லாகின் கேட்டால் பழைய கம்பெனி போட்ட பூட்டு இன்னும் கழலவில்லை, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆன் செய்ததும், விண்டோஸ் வரும் முன்பே பயாஸ் பாஸ்வேர்டு கேட்டாலும் அதே கதைதான்.

பி.ஏ. தமிழ் படிக்கிறேன். கட்டுரை தட்டச்சு மட்டும்தான். (ராமநாதபுரம்)

8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள எதுவும் போதும். விண்டோஸ் 11-இல் தமிழ் 99 கீபோர்டு உள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் வந்துவிடும். லிப்ரே ஆபீஸ் இலவசம். மிச்சப் பணத்துக்குப் புத்தகம் வாங்குங்கள்.

அரசு லேப்டாப் கிடைக்கும் என்கிறார்கள். காத்திருப்பதா? (திருப்பாலைக்குடி)

2025–26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்து, 2026 ஜனவரியில் கொடுக்கத் தொடங்கினார்கள். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பெரும்பாலான படிப்புகளுக்கு இது நன்றாகவே போதும். கடைசி வருஷம் படிக்கிறீர்கள், கல்லூரியில் உங்கள் விவரம் வாங்கிவிட்டார்கள் என்றால் காசைச் செலவழிக்காதீர்கள். முதல் வருஷமாக இருந்தால் அதை நம்பி மூன்று வருஷம் சும்மா உட்கார முடியாது. கல்லூரி ஆபீஸில் கேட்டுப் பாருங்கள், தேதி சொல்லாவிட்டால் பழைய ஆபீஸ் லேப்டாப் ஒன்றை எடுத்து ஓட்டுங்கள்.

படகில் போகும்போது பைக்குள் கடல் தண்ணீர் புகுந்துவிட்டது. இப்போதைக்கு ஆன் ஆகிறது. ஏதாவது செய்யணுமா? (வாலிநோக்கம்)

உடனே அணையுங்கள். ஆன் ஆகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் அதைக் கொல்லும். சார்ஜர் மாட்டவே கூடாது. அரிசிக்குள் புதைத்து வைப்பதால் பயனில்லை. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போர்டிலேயே தங்கி அரிக்கும். தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு, முடிந்தால் இன்றைக்கே ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோங்கள். முதல் வேலையாக பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் வைத்து போர்டைக் கழுவச் சொல்லுங்கள். கடல் தண்ணீர் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அதைப் பொறுத்துத்தான் கழுவுகிற முறை மாறும். சாதாரண வாரண்டியில் தண்ணீர் சேதம் வராது. வாங்கும்போது விபத்துப் பாதுகாப்புத் திட்டம் தனியாக எடுத்திருந்தால் பில்லைத் தேடி எடுத்து, யாரையும் திறக்க விடும் முன் அவர்களுக்குப் போன் போடுங்கள்.