அண்ணன் கூட்டிட்டு வர்ற வக்கீல் வேண்டாங்க

அப்பா உயில் எழுத அண்ணனே ஒரு வக்கீல கூட்டிட்டு வர்றாரு, மனவளர்ச்சி குறைஞ்ச தங்கச்சி பங்கு என்னாகுமோன்னு கேட்டிருக்கீங்க. உங்க பயம் நியாயம்தாங்க. வக்கீல் அப்பாவோட வக்கீலா இருக்கணும், ஃபீஸும் அப்பாவே கட்டட்டும், அவங்க பேசுறப்போ அண்ணன் மட்டுமில்ல நீங்களும் அந்த ரூம்ல இருக்காதீங்க, ஏன்னா நாளைக்கு கேஸ்னு வந்தா மிரட்டி எழுதி வாங்கிட்டாங்கன்னுதான் முதல்ல கிளப்புவாங்க. கையெழுத்து போடுற அன்னிக்கே அப்பா தெளிவா இருக்காருன்னு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிடுங்க. சாட்சி 2 பேருக்கும் சொத்துல பங்கே இருக்கக்கூடாது.

தங்கச்சி விஷயம்தான் முக்கியம். அவங்க பேர்ல நேரா எழுதினா அவங்களால கையாள முடியாது, "பெரியவன் பாத்துப்பான்"னு அண்ணன் பேர்ல எழுதினா அது அவரோட சொத்தாவே ஆயிடலாம், அப்புறம் கேக்க முடியாது. அதனால டிரஸ்ட் பத்தி, அதாவது தங்கச்சிக்காக சொத்தை வேறவங்க பொறுப்புல வைக்கிற ஏற்பாடு பத்தி, வக்கீல்கிட்ட கேளுங்க. டிரஸ்டியா, அதாவது அந்த சொத்தை பாத்துக்கிறவரா, ஒருத்தரை மட்டும் போடாதீங்க, அவங்களுக்கப்புறம் யாருன்னும் எழுதச் சொல்லுங்க. அப்பா இருக்கும்போதே டிரஸ்ட் ஆரம்பிச்சா பத்திரம் மட்டும் பத்தாது, வீடு டெபாசிட் எல்லாம் முறையா டிரஸ்டுக்கு மாத்தணும், நிறைய பேர் இதுல கோட்டை விடுறாங்க. தங்கச்சிக்கு அரசு உதவித்தொகை வந்தா வக்கீல்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க, டிரஸ்ட எப்படி எழுதுறாங்கங்கிறத பொறுத்து அது நின்னு போகவும் வாய்ப்பிருக்கு.