பெட்டியில் வந்த துப்பாக்கி

வணக்கம். பென்சில்வேனியா நீள்துப்பாக்கி ஒன்றைக் கிட் (பாகங்களாக வரும் பெட்டி) வாங்கிச் செய்ததாகப் போன வருடம் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு நானும் ஒன்று வாங்கினேன். சிக்கிமுக்கிக் கல்லில் பொறி பறந்து வெடிக்கும் வகை. பாகங்களெல்லாம் பொருந்திவிட்டன. இப்போது துப்பாக்கியின் மரக்கட்டை வெள்ளைவெளேரென்று நிற்கிறது, குழல் நிறமேற்றாத வெறும் இரும்பாகப் பளபளக்கிறது. கடையில் வாங்கிய ஸ்டெயினை (மரச்சாயம்) ஒரு துண்டு மேப்பிள் மரத்தில் தடவிப் பார்த்தேன், சேறு பூசியதுபோல் திட்டுத்திட்டாக இருக்கிறது. நாகர்கோவிலில் இருக்கும் அப்பா மரவேலை செய்தவர். வீடியோவில் பார்த்துவிட்டு, "பெட்டியில வந்ததப் பூட்டுறதுக்கா மூணு மாசம்?" என்கிறார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. இதை நான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாமா? ஊருக்குக் கொண்டுபோய் அவருக்குக் காட்ட முடியுமா?

ஆர்., ஓஹாயோ

அன்புள்ள ஆர்.,

அப்பா கேட்டது நியாயம்தான், ஆனால் அதே கேள்வியை இந்தத் துப்பாக்கிகளை அந்தக் காலத்தில் செய்த பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் கொல்லர்களிடமும் கேட்கவேண்டியிருக்கும். ஜெர்மன் குடியேறிகள் கொண்டுவந்தது குட்டையான, தடித்த யேகர் துப்பாக்கி. 18ஆம் நூற்றாண்டில் அது பென்சில்வேனியாவில் மெலிந்து, குழல் மட்டும் மூன்றரை அடியைத் தொட்டு, மேப்பிள் கட்டையும் பித்தளைப் பூணுமாக வேறொன்றாகவே ஆகிவிட்டது. அதைச் செய்தவர்களில் பலர், கல்லைத் தட்டிப் பொறி கிளப்பும் லாக்கை இங்கிலாந்திலிருந்து வந்த சரக்காகக் கடையில்தான் வாங்கினார்கள். குழலை வேறு பட்டறையில் வாங்கியவர்களும் உண்டு. இரும்பை அடித்துச் சுருட்டிக் குழலாக்குவதிலிருந்து திருகாணி வரை ஒரே ஆள் செய்வதை வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் வாலஸ் கஸ்லர் என்ற துப்பாக்கிக் கொல்லர் செய்து காட்டினார், அது 1969இல் படமாகவும் வந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் இரண்டு நாள் என் கிட்டைத் தொடவில்லை. இருந்தாலும், ஒரு பழைய துப்பாக்கியைப் பார்த்து இது இன்ன வட்டாரத்து வேலை என்று இன்றைக்கும் சொல்லிவிடுகிறார்கள் என்றால், பெரும்பாலும் கட்டையின் வளைவையும் செதுக்கலையும் வைத்துத்தான். உங்கள் கையில் மிச்சமிருப்பதும் அந்தக் கட்டைதான்.

முதலில் உப்புத்தாளைத் தள்ளி வையுங்கள். என் முதல் துப்பாக்கியை நான் கெடுத்ததே அதை வைத்துத்தான். லாக்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தாளை வெறும் விரலால் அழுத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். தடவினால் வெண்ணெய் மாதிரி இருந்தது. சாயங்காலம் லாக்கைத் திரும்பப் பொருத்தினால், சுற்றியிருந்த மரம் இரும்பைவிட அரை நூல் கீழே போயிருக்கிறது, கூர்மையாக நிற்கவேண்டிய விளிம்பு பாதி கரைந்த சோப்புபோல உருண்டிருக்கிறது. போன மரம் போனதுதான். இப்போதெல்லாம் லாக் அதன் இடத்தில் இருக்கும்போதே சுற்றியுள்ள மரத்தை இறக்குகிறேன். அடிப்பக்கத்துப் பித்தளைத் தகட்டையும் மரத்தையும் ஒன்றாகவே அரத்தால் ராவுகிறேன். மற்ற இடங்களுக்கு ஸ்கிரேப்பர் என்ற சுரண்டும் தகடு (உடைந்த கண்ணாடிச் சில்லாலும் சுரண்டலாம், அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்). தாள் தேவைப்பட்டால் அடியில் ஒரு மரத்துண்டு வைத்துத்தான். கடைசியில் ஈரத்துணியால் துடைத்தால் நார் மீசைபோல எழும்பும், காய்ந்ததும் அதை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஒரு முறை.

ஸ்டெயின் திட்டானதற்கு உங்கள் கை காரணமில்லை. மேப்பிள் இறுக்கமான மரம், அப்படிப்பட்ட ஸ்டெயினைச் சீராக உள்ளே இழுக்காது. பழைய வழி, நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்த நீரைத் தடவிச் சூடு காட்டுவது. நீங்களே தயாரிக்க இறங்காதீர்கள், அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது, தயாராகவே விற்கிறார்கள். தடவிக் காய்ந்ததும் கட்டை பாசி பிடித்தாற்போல ஒரு மட்டமான பச்சையில் நிற்கும். பார்த்ததும் வயிற்றைக் கலக்கும், பயப்படாதீர்கள். ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போனால், சூடு பட்ட இடம் செம்பழுப்பாக மாறும், வரி ஓடிய மேப்பிள் என்றால் புலிக்கு இருப்பதுபோலக் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். நார் அலையாக வளைந்து மேற்பரப்பில் முடிகிற இடங்கள் அதிகம் குடிக்கின்றன, மற்ற இடங்கள் குறைவாக. விஷயம் அவ்வளவுதான், ஆனாலும் நான் ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுகிறேன். முதலில் அந்தத் துண்டு மேப்பிளில் செய்து பாருங்கள். அப்புறம் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்துக் காயவைத்து, ஆளிவிதை எண்ணெயைக் கையாலேயே மெல்லிசாகப் பல பூச்சுகள். பளபள வார்னிஷ் வேண்டாம், சாப்பாட்டு மேசை மாதிரி ஆகிவிடும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள்.

குழலுக்கு நிறம் கொடுப்பது துருதான். எண்ணெய்ப்பசை துளிகூட இல்லாமல் துடைத்து (விரல் பட்டால் ரேகை அப்படியே விழும்), உள்ளே துருவேறாமல் இரண்டு முனையையும் அடைத்து, இரும்பைத் துருப்பிடிக்க வைத்துப் பழுப்பாக்கும் பிரவுனிங் திரவத்தைத் தடவி ஈரப்பதமான பெட்டியில் வைத்துவிடுங்கள். மேலே வரும் பொடித் துருவை முரட்டுத் துணியால் தேய்த்தெடுத்து மறுபடி தடவ வேண்டும். பல நாள் வேலை. சென்னையாக இருந்தால் பெட்டியே தேவைப்படாது. நிறம் போதும் என்று தோன்றியதும் சோடாத் தண்ணீரில் அலசி, எண்ணெய் பூசி நிறுத்திவிடலாம். சுடுவதாக இருந்தால் கருமருந்து மட்டும், நவீன வெடிமருந்தைப் போட்டால் குழல் வெடித்துவிடும்.

ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் 1968 மத்தியச் சட்டம் இதைப் பழங்கால வகையில் சேர்த்திருப்பதால்தான் உங்கள் வீட்டு வாசலுக்குப் பார்சலில் வந்தது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வாய்வழியே மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும், விமான நிலையத்தில் நின்றுகொண்டு இது மரவேலை என்று சொன்னால் எடுபடாது. அதற்குப் பதிலாக, கட்டைக்குச் சூடு காட்டும்போது அப்பாவை வீடியோவில் கூப்பிடுங்கள். நாகர்கோவிலில் அப்போது ராத்திரியாக இருந்தாலும் எழுப்பிவிடுங்கள்.