முதிய பெற்றோருடன் ப்ராக் நகரில் 4 நாட்கள்: எவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்?

மே மாதத்தில் பெற்றோருடன் ப்ராக் செல்வதாகவும், இருவரும் 65 வயதைக் கடந்தவர்கள் என்றும், அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதாகவும், வீட்டில் அனைவரும் சைவம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். செக் குடியரசின் தலைநகரான அந்நகரில் நான் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். என் பெற்றோரும் இருமுறை வந்து தங்கியிருக்கிறார்கள். முதல் முறை, எல்லாப் பயணிகளையும் போல அவர்களையும் நடக்கவைத்தேன். இரண்டாம் நாள் மாலைக்குள் அம்மாவின் கால்கள் வீங்கிவிட்டன. மீதி நாட்களை அவர் சன்னலோரத்தில் உட்கார்ந்தே கழித்தார். அடுத்த முறை ஏற்றங்கள் அனைத்தையும் டிராமிடம் ஒப்படைத்துவிட்டேன். அதே ஊர், அதே கால்கள், ஆனால் அவர் பார்க்காத இடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆகவே உங்கள் திட்டத்தை டிராம் பாதைகளை வைத்தே வகுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோட்டை. ப்ராக் கோட்டை வல்தவா ஆற்றின் மேற்கே ஒரு குன்றின்மேல் இருக்கிறது. பழைய நகரச் சதுக்கத்திலிருந்து சார்லஸ் பாலத்தைக் கடந்து, நெருதோவா தெரு வழியாக ஏறுவதுதான் எல்லோரும் சொல்லும் பாதை. அழகான தெருதான் என்றாலும் நெடுகிலும் ஏற்றம், அதுவும் கல் பாவிய ஏற்றம். அப்படிப் பதித்த உருண்டைக் கற்களைச் செக் மக்கள் ‘பூனைத் தலைகள்’ என்கிறார்கள். பாதம் எந்தக் கல்லிலும் முழுமையாகப் படியாது; மழை பெய்தால் வழுக்கும். மெல்லிய அடிப்பாகம் கொண்ட செருப்பையும் புதுக் காலணியையும் ஊரிலேயே விட்டுவிட்டு, நன்கு பழகிய, தடித்த அடிப்பாகமுள்ள காலணியை அம்மாவுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

தேசிய நாடக அரங்கின் அருகே 22ஆம் எண் டிராமில் ஏறினால், அது ஆற்றைக் கடந்து, மலா ஸ்த்ரானா பகுதிக்குள் புகுந்து, குன்றைச் சுற்றிக்கொண்டு மேலே போகும். பெரும்பாலான பயணிகள் ‘ப்ராஷ்ஸ்கீ ஹ்ராத்’ நிறுத்தத்தில் இறங்கிவிடுவார்கள். ப்ராக் கோட்டை என்பதுதான் அதன் பொருள். நீங்கள் அங்கே இறங்காமல், இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளிப் ‘பொஹொர்ஷெலெட்ஸ்’ வரை செல்லுங்கள். அந்த இடம் கோட்டையைவிட உயரத்தில் இருப்பதால், லொரெட்டா தேவாலயத்தை ஒட்டிய தெருக்கள் வழியாக மெல்லிய இறக்கத்திலேயே நடந்து கோட்டையின் முன்வாசலை அடைந்துவிடலாம். பகல் 12 மணிக்கு அங்கிருந்தால் காவலர் மாறும் அணிவகுப்பையும் பார்க்கலாம். எல்லாம் பார்த்து முடித்தபின் வடக்கு வாசல் வழியாக வெளியேறினால், ஏறக்குறைய சமதளத்திலேயே ப்ராஷ்ஸ்கீ ஹ்ராத் நிறுத்தம் வந்துவிடும். மீண்டும் 22ஆம் எண் வண்டியிலேயே கீழே இறங்கிவிடலாம். கிழக்குப் பக்கம் இருக்கும் பழைய கோட்டைப் படிக்கட்டின் பக்கம் மட்டும் போக வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படி ஏறுவதைவிட இறங்குவதே வேதனை.

கோட்டை வளாகத்தில் நுழையக் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் கட்டடங்களைப் பார்க்கத்தான் சீட்டு வாங்க வேண்டும். அச்சீட்டு இரண்டு நாட்களுக்குச் செல்லும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்து முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1344இல் தொடங்கி 1929இல்தான் கட்டி முடிக்கப்பட்ட புனித வீட்டஸ் பேராலயத்தை முதல் நாளும், ‘பொற்சந்து’ எனப்படும் சிறு வீடுகளின் வரிசையை மறுநாளும் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வழிபாடு நடப்பதால் பேராலயத்திற்குள் பயணிகளை நண்பகலுக்குப் பிறகே அனுமதிப்பார்கள். யூத அருங்காட்சியகத்திற்குச் சனிக்கிழமை விடுமுறை.

பயணச்சீட்டில் கவனமாக இருங்கள். மெட்ரோ, டிராம், பேருந்து மூன்றுக்கும் ஒரே சீட்டுதான். 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி நேரம், 72 மணி நேரம் என்று கால அளவுப்படி விற்கிறார்கள். காகிதச் சீட்டை வாங்கினால் மட்டும் போதாது. மெட்ரோ நிலையத்தின் நுழைவிலோ டிராமின் கதவருகிலோ இருக்கும் சிறிய மஞ்சள் பெட்டிக்குள் அதைச் செருக வேண்டும். ‘டக்’ என்ற ஒலியோடு தேதியும் நேரமும் பதிந்து வரும். முதல் பயணத்தில் ஒருமுறை பதித்தால் போதும், மறுபடி பதிக்கக் கூடாது. டிராமுக்குள் வங்கி அட்டையைத் தொட்டு வாங்கும் சீட்டு, நேரம் பதிந்தே வருவது. மெட்ரோ நிலையங்களில் தடுப்புக் கதவு ஏதும் இல்லாததால் சீட்டைப் பதிக்க வேண்டும் என்ற நினைவே பலருக்கு வருவதில்லை. சாதாரண உடையில் வரும் பரிசோதகர் தம் வில்லையைக் காட்டிச் சீட்டைக் கேட்கும்போது, தெரியாது என்ற பதிலை ஏற்கமாட்டார். உங்கள் பெற்றோருக்கு இந்தக் கவலை இல்லை. 65 வயது நிறைந்தவர்கள் நகருக்குள் இலவசமாகப் பயணம் செய்யலாம்; வயதைக் காட்டும் ஆவணமாகக் கடவுச்சீட்டு மட்டும் கையில் இருக்க வேண்டும்.

டிராம்களில் பழைய டாட்ரா வகை வண்டிகளும் ஓடுகின்றன. அவற்றின் படிகள் உயரமானவை. நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையில் சக்கர நாற்காலிக் குறியுள்ள நேரத்தில் தாழ்தள வண்டி வரும்; அதற்காகச் சில நிமிடம் காத்திருப்பது நல்லது. மெட்ரோவில் எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி இல்லை. நகரும் படிகளோ நம் ஊரில் இருப்பவற்றைவிட வேகமாக ஓடும். நாமியெஸ்தி மீரு நிலையத்தில் அவற்றின் நீளமே 87 மீட்டர். அம்மா அதன் முன்னால் நின்று என் கையைப் பற்றிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் வண்டிக்குள் ஏறிவிட்டால் கவலையில்லை. முதியவரைக் கண்டதும் இளைஞர்கள் சொல்லாமலே எழுந்து இடம் தருவார்கள். தெருவைக் கடக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: நடப்போருக்கான வரிக்கோடு போட்டிருந்தாலும் அங்கே டிராமுக்கே முன்னுரிமை. அது நிற்கும் என்று எண்ணிக் காலை வைக்காதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, அங்கே நாணயம் யூரோ அல்ல, கொருனா. ஏறக்குறைய எல்லா இடத்திலும் அட்டை செல்லும். தானியங்கிப் பண இயந்திரம் ‘உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா’ என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த மாற்று விகிதம் இழப்பையே தரும். தெருவில் வந்து பணம் மாற்றித் தருவதாகச் சொல்பவர்கள் செல்லாத வேற்று நாட்டுத் தாள்களைத் தருவார்கள். பழைய நகரச் சதுக்கத்தின் அருகே ஒரு நாணயமாற்றுக் கடையில் அப்பா 200 யூரோவை மாற்றிவிட்டு, வெளியே வந்து எண்ணிப் பார்த்தபோதுதான் கிடைத்த தொகை மிகவும் குறைவு என்று உணர்ந்தார். 2019 முதல் அங்கே ஒரு நல்ல சட்டம் இருக்கிறது: 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை 3 மணி நேரத்திற்குள் நாம் ரத்து செய்யலாம். ரசீதோடு திரும்பிப் போய்க் கேட்டோம், பணத்தைத் திருப்பித் தந்தார்கள். ஆகவே ரசீதை எறிந்துவிடாதீர்கள்.

சைவ உணவுக்குச் செக் மொழிச் சொல் ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ‘பெஸ் மசா’, அதாவது இறைச்சி இல்லாமல். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்திருக்கக்கூடும் என்பதால் கேட்டுவிட்டு வாங்குவதே முறை. உள்ளூர் உணவகங்களில் நம்பி உண்ணத்தக்கது ‘ஸ்மஷெனீ சீர்’ என்ற பொரித்த பாலாடைக்கட்டி. மேலே முட்டை சேர்ந்த மாவு பூசியிருப்பார்கள் என்பதை அப்பா அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். விடுதிக்குப் பதிலாகச் சமையலறையுள்ள வீடாக எடுத்தால், மாலையில் ஒரு தயிர்சாதத்தோடு எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். மே 8 அரசு விடுமுறை நாள்; பெரிய கடைகளை அன்று திறக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அரிசி, பால், தயிர் எல்லாவற்றையும் முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.

விமான நிலையத்திற்கு மெட்ரோ கிடையாது. 59ஆம் எண் டிராலி பேருந்து, ஏ வழித்தடத்தில் உள்ள நாத்ராஷி வெலெஸ்லவீன் மெட்ரோ நிலையம் வரை கொண்டுவந்து விடும். செக் குடியரசு, தமக்குள் எல்லைச் சோதனை இல்லாத ‘ஷெங்கன்’ ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. வேறொரு ஷெங்கன் நாட்டில் விமானம் மாறுவதாக இருந்தால், குடிவரவுச் சோதனை அங்கேயே நடந்துவிடும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவுப் பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். ஆகவே இரு விமானங்களுக்கும் இடையே குறைந்தது மூன்று மணி நேரம் இருக்கும்படி சீட்டு வாங்குங்கள். இருவருக்கும் சக்கர நாற்காலி உதவியை அப்போதே பதிவு செய்துவிடுங்கள். மாத்திரைகளையும் மருத்துவர் எழுதிய சீட்டையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்திற்கு அழைக்க வேண்டிய எண் 112.