உரியிற பெயின்ட்டுக்கு தின்னர் போடலாமா?

கேள்வி: பழைய கார் ஒண்ணு வாங்கியிருக்கேன். முன்னாடி வச்சிருந்தவர் டோர் பேனல், பில்லர் பிளாஸ்டிக் எல்லாத்துக்கும் கருப்பு ஸ்ப்ரே அடிச்சு வச்சிருக்கார், இப்போ பாம்புச் சட்டை மாதிரி உரியுது. தின்னர் போட்டுத் துடைச்சா அஞ்சு நிமிஷ வேலைங்கிறார் பெயின்டர். விடலாமா?

பதில்: விடாதீங்க. அஞ்சு நிமிஷத்துல பெயின்ட் போயிடும், கூடவே பேனலும் போயிடும். பழைய கார்ல உள்பக்க பிளாஸ்டிக் நிறைய ஏபிஎஸ்ங்கிற வகைதான், அது தின்னர்லயும் அசிட்டோன்லயும் கரையும். உடைஞ்ச ஏபிஎஸ்ஸை ஒட்ட அதே பிளாஸ்டிக் துண்டை அசிட்டோன்ல கரைச்சுத்தான் நாங்க பசையே பண்றோம், இதுக்கு மேல என்ன சொல்ல. மேல இருக்கிற தோல் மாதிரி டிசைன் ஒருதடவை வழுவழுன்னு போச்சுன்னா திரும்ப வராது, புது பேனல் வாங்கலாம்னா கம்பெனி அதையெல்லாம் எப்பவோ நிறுத்திட்டான், காரை மட்டும் நல்லா வித்துட்டுப் போயிட்டான்.

முழுசா உரிக்கணும்னும் இல்ல. நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்குனு இழுங்க. வராத பெயின்ட் அப்படியே இருக்கட்டும், அதுவே உங்க பிரைமர். வர்ற இடத்துல ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் நனைச்ச துணியை கொஞ்ச நேரம் போட்டு வச்சு, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால தள்ளுங்க. முதல்ல பின்பக்கம் ஒரு ஓரத்துல போட்டுப் பாத்துட்டு. ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல நெருப்பு கூடாது. உப்புத்தாள் வேண்டாம், டிசைன் தேஞ்சுடும், சாம்பல் கலர் ஸ்க்ரப் பேடு போதும்.

முன்னாடி வச்சிருந்தவர் அடிச்சது ஏன் உரிஞ்சுதுன்னு கேட்டீங்கன்னா, அனேகமா நிறைய பேர் பண்றதுதான், டேஷ்போர்டு பாலிஷ். அதுல சிலிக்கான் இருக்கு, அதுக்கு மேல எந்தப் பெயின்ட்டும் உக்காராது, மீன் கண்ணு மாதிரி ஓட்டை ஓட்டையா விலகிக்கும். பாத்திரம் கழுவுற சோப்புல ரெண்டு தடவை தேய்ச்சுக் கழுவி, அப்புறம் சிலிக்கான் ரிமூவர், அப்புறம்தான் பெயின்ட். "பாலிஷ் போட்டுத் தர்றேன் சார், புதுசு மாதிரி ஆயிடும்"னு வர்றவரை வாசல்லயே அனுப்பிடுங்க. "டை பண்றேன், கலர் உள்ள இறங்கிடும்"னு அதிகமா காசு கேக்கிறவரையும்தான், பிளாஸ்டிக்குக்குள்ள ஒண்ணும் இறங்காது, அதுவும் மேல நிக்கிற ஒரு வளையுற பெயின்ட்தான்.

ஒண்ணே ஒண்ணு கவனிங்க, பாலிப்ரோப்பிலீன், சுருக்கமா பிபி, இன்னொரு வகை பிளாஸ்டிக். இதுல அட்ஹீஷன் ப்ரோமோட்டர், அதாவது பெயின்ட்டைப் பிடிச்சு வைக்கிற அடிப்பூச்சு, அடிக்காம பெயின்ட் நிக்கவே நிக்காது. பேனல் பின்னாடி பிபின்னு அச்சு இருக்கான்னு பாருங்க, ரொம்பப் பழைய வண்டியில இருக்காது. அப்போ பின்பக்கம் நகத்துண்டு அளவு சீவி, சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணியில அமுக்கி விடுங்க. மிதந்தா அனேகமா பிபி. மூழ்கினா ஏபிஎஸ்ஸுனு துள்ளாதீங்க, டால்க் பவுடர் கலந்த பிபியும் மூழ்கும், அச்சுல பிபி-டி20ன்னு இருந்தா நூத்துக்கு 20 பங்கு டால்க். சந்தேகம்னா ஒரு மூலையில மட்டும் அடிச்சு, ரெண்டு நாள் கழிச்சு டேப் டெஸ்ட். ஸ்ப்ரே டப்பாவுல "எல்லா பிளாஸ்டிக்குக்கும்"னு போட்டிருக்கும், நம்பாதீங்க, எதுக்கு ஒட்டாதுன்னு எழுத அவனுக்கு இடமே கிடைக்காது.

மெல்லிசா மூணு நாலு கோட்டு, நடுவுல பத்து நிமிஷம் விடுங்க. தொட்டா ஒட்டலைனு அன்னைக்கே மாட்டாதீங்க, ஒரு வாரம் போகட்டும். மாட்டும்போது பேனலை லேசா வெயில்ல வச்சு எடுங்க, பழைய கிளிப் குளிர்ல பட்டுனு உடையும்.