அம்மாவின் மார்பகப் புற்றுநோய்க்கு ஜீன் மாற்றிய செல் சிகிச்சை: வீட்டை விற்கலாமா?

விற்காதீர்கள். வெளிநாட்டு கிளினிக் ஒன்று சொன்னதை நம்பி சாட்ஸ்வர்த் வீட்டை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புற்றுநோய் வார்டு நர்சாக இருக்கிறேன். இதே கேள்வியோடு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

அவர்கள் சொல்வது கார்-டி சிகிச்சை. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களைப் பிரித்து, புற்றுச் செல்லை அடையாளம் காணவைக்கும் ஜீனை அவற்றில் சேர்த்து, பெருக்கி, திரும்ப ஏற்றுவார்கள். சில ரத்தப் புற்றுநோய்களுக்கு அமெரிக்காவில் 2017இலேயே அனுமதி கிடைத்தது. மார்பகப் புற்றுக்கு இன்னும் ஆய்வு அளவில்தான் இருக்கிறது. கட்டியில் மிகுதியாக இருக்கும் ஹெர்2 புரதம் நல்ல செல்களிலும் கொஞ்சம் உண்டு, அவற்றையும் தாக்கிவிடலாம் என்பதுதான் சிக்கல். ஹெர்2-ஐக் குறிவைத்த செல்களை ஏற்றிய 15 நிமிடத்தில் ஒரு குடல் புற்று நோயாளிக்கு மூச்சுத்திணறல் வந்தது. சில நாளில் இறந்துபோனார். 2010இல் வெளியான செய்தி அது.

நல்ல செய்தியும் உண்டு. 2018இல் அமெரிக்காவில் புற்றுநோய் ஆய்வாளர் ஸ்டீவன் ரோசன்பெர்க்கின் குழு, ஒரு பெண்ணின் கட்டிக்குள் இருந்த நோயெதிர்ப்புச் செல்களையே எடுத்து வளர்த்து ஏற்றியதில், பரவிய மார்பகப் புற்று முழுசாக மறைந்தது. ஆனால் அது ஆய்வு. முறையான ஆய்வில் பொதுவாகச் சோதனைச் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள். வீட்டை விற்கச் சொல்லும் இடம் வேறு ரகம்.

முதலில் அம்மாவின் பயாப்சி (கட்டியின் திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டை எடுங்கள். ஈஆர், பிஆர் (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 என்று மூன்று வரி இருக்கும். ஹெர்2 எதிரே 3+ என்றால் ஹெர்2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து பற்றிக் கேளுங்கள். 2+ என்றால் முடிவு இழுபறி. ஹெர்2 ஜீனை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். மூன்றுமே நெகட்டிவ் என்றால், நோயின் நிலையைப் பொறுத்து, கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து பொருந்தலாம்.

டிராஸ்டுசுமாப் கிடைக்க இந்த நாட்டில் போராடிய மார்பகப் புற்று நோயாளி டொபேகா டாக்கி, ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் ராண்ட் கட்ட வழியில்லாமல் 2016இல் இறந்தார். இன்று அதற்கு பயோசிமிலர்கள், அதாவது அதே போல வேலை செய்யும் மாற்று மருந்துகள், உண்டு. அதனால் விலை என்றதும் பின்வாங்காதீர்கள், டாக்டரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அந்த மூன்று வரியையும் நோயின் ஸ்டேஜையும், அம்மா பெயர் இல்லாமல், கீழே எழுதுங்கள். அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் என்னென்ன கேட்பது என்று சொல்கிறேன்.